வளைந்த கையும் 800 விக்கெட்டும்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்தப் பழமொழிக்கு உலகமே பார்த்த சான்று ஒன்று கிரிக்கெட் வரலாற்றில் உண்டு. அது ஒரு தோட்டத் தொழிலாளியின் பேரனைப் பற்றியது. ஆகவே இப்பரிசளிப்பு விழா மலரில் அதனை எழுதுவது பொருத்தம் எனக் கருதுகிறேன்.

“கிரிக்கெட்டா? அது துரைமார் ஆட்டமாச்சே, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 1932-ஆம் ஆண்டு லண்டன் லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. அந்தப் பதினொருவரில் ஒருவரான லால் சிங் நம் கோலாலம்பூரில் பிறந்தவர். 2008-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் மலேசியாவில் நடந்தபோது நம் ஜொகூரிலும் ஆட்டங்கள் நடந்தன. ஆனால் நான் சொல்ல வந்தது இலங்கையின் முத்தையா முரளிதரன் பற்றி.

கப்பலேறிய பாட்டனார்

முரளிதரனின் பாட்டனார் 1920-இல் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திற்கு வேலைக்குப் போனவர். நம்மவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கிய அதே காலம்தான். அங்கே தேயிலைக் கொழுந்து, இங்கே ரப்பர்ப் பால். வேறென்ன வித்தியாசம்? பாட்டனார் பிற்காலத்தில் திருச்சிக்கே திரும்பிவிட்டார். பிள்ளைகளில் சிலர் இலங்கையிலேயே தங்கிவிட்டனர். அவர்களுள் ஒருவரான முத்தையா கண்டிக்கு அருகில் பிஸ்கட் தொழில் நடத்தினார். அவருடைய மகன் முரளிதரன் 1972-இல் பிறந்தார். 1977-இல் நடந்த கலவரத்தில் அந்தத் தொழிற்கூடம் தீக்கிரையாயிற்று. பையனுக்கு அப்போது ஐந்து வயது.

முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாது. நாம் கையை நேரே நீட்டுவதுபோல் அவரால் நீட்ட முடியாது. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். பதினான்கு வயதளவில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ, “சுழற்பந்து போட்டுப் பார்” என்றார். அந்த ஒரு யோசனை ஒரு வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 1992-இல், இருபது வயதில், இலங்கைக்காக டெஸ்ட் ஆடத் தொடங்கினார்.

மெல்பர்ன் திடலில்

கிரிக்கெட்டில் பந்தை வீசலாம், எறியக் கூடாது. மடக்கிய முழங்கையைப் பந்து விடும் நேரத்தில் நீட்டினால் அது எறிதல். நடுவர் உடனே “நோ-பால்” என்று அறிவித்துவிடுவார்.

1995 டிசம்பர் 26. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் திடலில் பெருங்கூட்டம். முரளி பந்து வீச, நடுவர் டாரல் ஹேர் கையை நீட்டினார். “நோ-பால்!” அன்று ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஏழு தடவை. அத்தனை பேர் நடுவே ஓர் இளைஞனை “நீ திருட்டுப் பந்து போடுகிறாய்” என்று சொல்வதற்கு ஒப்பானது அது. அந்த மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை. இலங்கையில் இனப்போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அப்போது ஒரு சிங்களத் தலைவர் தம் தமிழ்ப் பந்து வீச்சாளருக்காக உறுதியாக நின்றார். 1999-இல் அடிலெய்டில் வேறொரு நடுவர் மீண்டும் நோ-பால் சொன்னபோது, ரணதுங்க தம் அணியையே எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்திவைத்தார்.

அளந்து பார்த்தார்கள்

1996-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் முரளியின் கையைப் பல கேமராக்கள் வைத்து அளந்தார்கள். அவர் எறியவில்லை, எறிவதுபோல் கண்ணுக்குத் தோன்றுகிறது என்பதே முடிவு. வளைந்தே இருக்கும் முழங்கையும், மிக அதிகமாகச் சுழலும் மணிக்கட்டும் தோளும் சேர்ந்து பார்ப்பவர் கண்ணை ஏமாற்றின. 2004-இல் முழங்கை அசையாதபடி கவசம் மாட்டிக்கொண்டு கேமரா முன் பந்து வீசிக் காட்டினார். அப்போதும் பந்து அப்படியேதான் சுழன்றது.

அதே ஆண்டு அவருடைய “தூஸ்ரா” என்னும் பந்துக்குத் தடை வந்தது. ஆனால் மற்றப் பந்து வீச்சாளர்களையும் அளந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. குறையே இல்லாதவர் என்று பெயரெடுத்தவர்களின் முழங்கையும் சிறிதளவு நீளத்தான் செய்தது! ஆகவே 2005 முதல் 15 பாகை வரை நீளலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக விதி வகுத்தார்கள். ஒருவரைச் சோதிக்கப் போய் உலகமே தன்னைச் சோதித்துக்கொண்டது.

எண்ணூறு

டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள் வரை நீளும். ஒரு நாள் கை வந்தது, மறுநாள் வரவில்லை என்றால் பயனில்லை. 1998-இல் லண்டன் ஓவல் திடலில் முரளி 113.5 ஓவர்கள், அதாவது 683 பந்துகள் வீசி 16 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அது.

2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராகத் தம் கடைசி டெஸ்டை ஆடினார். 800-க்கு எட்டு விக்கெட் வேண்டும். ஏழு எடுத்தாயிற்று. மற்ற விக்கெட்டுகள் வேறு வழியில் விழுந்தன. இறுதியில் எஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் வேறொருவர் கைக்குப் போய்விடுமோ என்று திடலே தவித்தது. பிரக்யான் ஓஜா தட்டிய பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தார். 133 டெஸ்டுகளில் 800 விக்கெட்! டெஸ்ட் வாழ்வில் அவர் வீசிய கடைசிப் பந்தும் அதுவே. அடுத்த இடத்தில் ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னே, 708 விக்கெட்.

நமக்கு என்ன பாடம்?

பெற்றோர்களே! “என் பிள்ளைக்குப் படிப்பு ஏறல டீச்சர்” என்று நீங்கள் சொல்வதுண்டு. “இவன் மந்தம்” என்று ஆசிரியர்களும் சில வேளை முடிவு கட்டிவிடுகிறோம். கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகிறதா? காது சரியாகக் கேட்கிறதா? காலையில் பசியாறிவிட்டு வந்தானா? இவற்றை விசாரித்த பிறகல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும்? நடுவரின் விரலைவிட அளவுகோல் நியாயமானது. குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு தலைவன் அதைவிடப் பெரியவன்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு பெறுவோருக்கு என் பாராட்டு. பரிசு பெறாதவர்களே, உங்களைப் பற்றிக் கடைசிச் சொல்லை இன்னும் யாரும் சொல்லவில்லை. உங்கள் கையில் உள்ள பந்தை விடாமல் வீசுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!