வடாலாவின் ஏகாதசித் தட்டு: பழத்துச் சர்க்கரையும் பிழிந்த சர்க்கரையும்

மாம்பழத்தில் உள்ள சர்க்கரையும் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் சீனியும் வேதியியலில் வேறு வேறு பொருள்கள் அல்ல. சீனி ஏறத்தாழ முழுக்கவே சுக்ரோஸ். குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் இணைந்த மூலக்கூறு அது. பழுத்த மாம்பழச் சதை 100 கிராமில் ஏறத்தாழ 14 கிராம் சர்க்கரை உண்டு. அதில் பாதியளவு இதே சுக்ரோஸ், மீதி தனித்த ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். ஆப்பிளில் ஃபிரக்டோஸ் மிகுதி. திராட்சையில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். குடலுக்குள் சென்ற பிறகு எந்த மூலக்கூறு ரத்னகிரித் தோப்பிலிருந்து வந்தது, எது கோலாப்பூர் ஆலையிலிருந்து வந்தது என்று உடலால் பிரித்தறிய முடியாது. அப்படியிருந்தும் உணவு வழிகாட்டிகள் சீனியைக் குறைக்கவும் பழத்தைக் கூட்டவும் சொல்கின்றன. முரண்போலத் தோன்றும் இதற்கு "இயற்கை" என்ற சொல்லில் விடை தேடுவது வழக்கம். அந்தச் சொல் இங்கே உதவாது என்பதும், சர்க்கரை பழத்தின் செல்சுவருக்குள் இருக்கிறதா, அதைவிட்டு வெளியேறிவிட்டதா என்பதே உண்மையான எல்லைக்கோடு என்பதும் இக்கட்டுரையின் வாதம். மும்பையில் வடாலா, மாட்டுங்கா, தாராவி என்று தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளின் அன்றாட உணவு இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில் "சேர்த்த சர்க்கரை" என்பதைவிட அகலமான ஒரு வகையைக் கையாண்டது. தமிழில் அதைக் கட்டற்ற சர்க்கரை எனலாம். ஆலையோ சமையல்காரரோ உண்பவரோ சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு, செறிவூட்டிய பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாகவே உள்ள சர்க்கரையும் இதில் அடங்கும். முழுப் பழத்தின் சர்க்கரையும் பாலின் லாக்டோஸும் அடங்கா. மொத்த ஆற்றலில் கட்டற்ற சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் கூடுதல் நன்மை என்பது அதன் பரிந்துரை. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராம், 25 கிராம். இந்த எண்களுக்கு வலுவான சான்று தந்தது நீரிழிவைவிடப் பற்சொத்தை பற்றிய ஆய்வுகளே என்பது பலர் கவனிக்காத செய்தி. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியருக்கான வழிகாட்டியும் இதே திசையில் நிற்கிறது: வளர்ந்தவருக்கு நாளுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை கூடாது, பழமோ 100 கிராம் வேண்டும்.

செல்சுவர் செய்யும் வேலை முதலில் வாயில் தெரிகிறது. ஹேபரும் உடன் ஆய்வாளர்களும் 1977-இல் லான்செட் இதழில் வெளியிட்ட சோதனை எளிமையானது. 60 கிராம் கார்போஹைட்ரேட் தரும் ஆப்பிளைப் பத்துப் பேருக்கு ஒருமுறை முழுப் பழமாகவும், ஒருமுறை மசித்தும், ஒருமுறை சாறாகவும் கொடுத்தனர். சாறு, பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகத்தில் உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வும் சாற்றில்தான் மிகக் குறைவு. சாற்றுக்கும் மசியலுக்கும் இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. சாறு குடித்த பின் ரத்தச் சர்க்கரை ஏறி, பிறகு தொடக்க நிலைக்கும் கீழே இறங்கியது. மூன்று தட்டிலும் சர்க்கரை அளவு ஒன்றே. நார் கிழிந்ததும் சர்க்கரை உடலை அடையும் வேகமும் உண்ணும் அளவின்மீது வயிற்றுக்கிருந்த பிடியும் மாறிவிட்டன.

அடுத்த கட்டம் குடலிலும் கல்லீரலிலும் நடக்கிறது. குளுக்கோஸை உடலின் எல்லாத் திசுக்களும் எரிக்கும். ஃபிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலுக்குத்தான் போகிறது. குளுக்கோஸைத் தேவைக்கேற்ப மட்டுப்படுத்தும் நொதிப் படியை அது சுற்றிக்கொண்டு போய்விடுவதால், மிகும்போது கொழுப்பாக மாறுவது எளிது. ஆனால் 2018-இல் செல் மெட்டபாலிசம் இதழில் வந்த எலி ஆய்வு ஒரு முக்கியத் திருத்தத்தைத் தந்தது. சிறிதளவு ஃபிரக்டோஸைச் சிறுகுடலே குளுக்கோஸாகவும் பிற பொருள்களாகவும் மாற்றிவிடுகிறது; அதன் தாங்குதிறனை மீறி வந்தால்தான் மிச்சம் கல்லீரலுக்கு வழிகிறது. கொய்யா ஒன்றைக் கடித்து மென்று தின்பவரின் குடலுக்குச் சர்க்கரை சொட்டுச் சொட்டாக வருகிறது. குளிர்பானத்தை மடமடவென்று குடிப்பவருக்கு அது ஒரே பெருக்கு. ஃபிரக்டோஸையே நஞ்சென்று தூற்றும் பிரபல நூல்கள் அளவையும் வேகத்தையும் விட்டுவிடுவதால்தான் பழத்தையும் சேர்த்துச் சந்தேகிக்க நேர்கிறது.

மக்கள்தொகை ஆய்வுகளும் இதற்கு ஒத்தே பேசுகின்றன. அமெரிக்க மருத்துவப் பணியாளர்கள் 1,87,382 பேரைத் தொடர்ந்து கவனித்த 2013-ஆம் ஆண்டு பிஎம்ஜே கட்டுரையில், முழுப் பழம், குறிப்பாக அவுரிநெல்லியும் திராட்சையும் ஆப்பிளும், இரண்டாம் வகை நீரிழிவு குறைவதோடு தொடர்புற்றிருந்தது. பழச்சாறு அது கூடுவதோடு. சீனாவில் ஐந்து லட்சம் பேரைக் கொண்ட கடூரி ஆய்வு (2017) நாள்தோறும் புதுப்பழம் உண்போருக்கு நீரிழிவு வாய்ப்பு 12 விழுக்காடு குறைவென்றது. இவை கண்டறிவன தொடர்புகளே. பழம் வாங்கும் வசதியுள்ளவர் வேறு பல வழிகளிலும் நலமாக வாழக்கூடியவர். புள்ளியியல் அதை முழுமையாகக் கழித்துவிடுவதில்லை. செல்சுவர் விளக்கத்துக்கு விலக்கும் உண்டு. பிளைமவுத் பல்கலைக்கழகத்தார் 2017-இல் விதையுள்ள பழங்களை மின்அரைப்பானில் அரைத்துக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை ஏற்றம் முழுப் பழத்தைவிடக் குறைந்தே இருந்தது. நொறுங்கிய விதையிலிருந்து வெளிவந்த நாரும் பிறவும் காரணமாகலாம். ஆகவே நாரை வடிகட்டி எறிந்த சாற்றையும், நாரோடு அரைத்த கூழையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது.

வடாலாவின் விட்டல் கோயிலைப் "பிரதி பண்டரிபுரம்" என்பார்கள். பண்டரிபுரம் போக முடியாதவர்கள் ஆஷாட ஏகாதசிக்கு இங்கே வரிசையில் நிற்கிறார்கள். அன்று மராத்தி வீடுகளிலும், அவர்களோடு கலந்து வாழும் தமிழ் வீடுகள் பலவற்றிலும் உபவாசம். அரிசி கோதுமை இல்லாத இந்த நாளின் தட்டில் பழமே முதன்மை என்பது நம்பிக்கை. தட்டை உற்றுப் பார்த்தால் ஒரு வாழைப்பழம், நாலைந்து பேரீச்சை. அவற்றுக்கு அருகில் வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும் சேர்த்து நெய்யில் கிளறிய சாபுதாணா கிச்சடி, வெல்லப்பாகில் பிடித்த ராஜ்கிரா (கீரைவிதை) லட்டு, கடலைச் சிக்கி, சீனி போட்ட தேநீர். கிச்சடியின் ஜவ்வரிசி பெரும்பாலும் சேலம் மாவட்டத்து மரவள்ளியிலிருந்து வருவது. மகாராஷ்டிரத்து உபவாசங்களே அந்தத் தொழிலின் பெரிய சந்தை. ஜவ்வரிசி ஏறத்தாழ வெறும் மாவுச்சத்து. ஆக, பழநோன்பு என்று பெயர் பெற்ற நாளில் உடலுக்குள் போகும் சர்க்கரையில் பழத்தின் பங்கு நினைப்பதைவிடச் சிறிது. வாழைப்பழம் தருவது 12 முதல் 15 கிராம் சர்க்கரை, கூடவே நாரும் பொட்டாசியமும். இரண்டு லட்டும் மூன்று தேநீரும் அதை எளிதாக மிஞ்சிவிடும். அவையெல்லாம் கட்டற்ற சர்க்கரை. பேரீச்சை இடைநிலை: செல்சுவர் உண்டு, நீர் இல்லை. நீர் வற்றிய பழத்தில் எடைக்கு எடை சர்க்கரை பல மடங்கு என்பதால் எண்ணித் தின்ன வேண்டியது அது.

"இயற்கை" என்ற அடைமொழி முழுவதும் தோற்பது கரும்புச்சாற்றிடம். மகாராஷ்டிரத்தில் ரஸ்வந்தி எனப்படும் கரும்புச்சாற்றுக் கடைகளில் இயந்திரச் சக்கரத்தோடு கட்டிய சலங்கை கோடை முழுதும் ஒலிக்கிறது. கண்ணெதிரே கரும்பு நுழைகிறது, இஞ்சியும் எலுமிச்சையும் கூடவே போகின்றன, மறுபக்கம் சக்கை விழுகிறது. இதில் எந்த ஆலையும் இல்லை, ஒரு கரண்டி சீனியும் இல்லை. ஆனால் 100 மில்லிக்கு 13 முதல் 15 கிராம் சர்க்கரை. அதனால்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி கரும்புச்சாற்றைப் பெயர் சொல்லியே குறைக்கச் சொல்கிறது. 250 மில்லி கோப்பை ஒன்றில் ஏறத்தாழ 33 முதல் 38 கிராம். பாதியைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால் கொஞ்சம் தப்பிக்கலாம். இதே சர்க்கரையைக் கொய்யாவிலிருந்து பெற வேண்டுமானால் ஏறத்தாழ 400 கிராம் தின்ன வேண்டும். உடன் 20 கிராம் அளவுக்கு நார் வரும், தாடை வலிக்கும், இரண்டாவது பழத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். சக்கைக் கூடையில் விழுவது அந்தப் "போதும்" தான்.

மாட்டுங்கா நிலையத்தை ஒட்டிய ஜூஸ் கடைகளில் நிலைமை இன்னும் கலவை. டஹாணு கோல்வட் சிக்கு, அதாவது சப்போட்டா, புவிசார் குறியீடு பெற்ற பழம். அதன் மில்க்‌ஷேக்கில் பழம் பாதி, பாலும் சீனியும் ஐஸ்கிரீமும் மீதி. சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று நான்கு பழம் பிழிகிறார்கள். புளிப்பு மிஞ்சினால் சீனிப்பாகு ஒரு கரண்டி விழுகிறது. "சீனி வேண்டாம்" என்று சொல்லி வாங்குவோர் கூடியிருப்பது நல்லதே. ஆனால் பாகு சேர்க்காத சாறும் கட்டற்ற சர்க்கரைதான். கடையில் வெட்டித் தட்டில் வைத்திருக்கும் பப்பாளியும் அன்னாசியும்தான் அங்கே பழம் என்று சொல்லத் தக்கவை.

தாராவியில் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்கள் ஊரிலிருந்து வரவழைக்கும் பொருள்களில் கருப்பட்டி முக்கியமானது. உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை உறுதியாக உள்ளது. "சுகர் இருக்கு, சீனி கிடையாது, கருப்பட்டிதான்" என்பது பல வீடுகளில் கேட்கும் வாக்கியம். அண்மைக் காலத்தில் மும்பையெங்கும் முளைத்துள்ள வெல்லத் தேநீர்க் கடைகளின் கவர்ச்சியும் இதுவே. கருப்பட்டியும் வெல்லமும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியில் இல்லாத இரும்பும் தாதுக்களும் சிறிது உண்டு என்பது உண்மை. ஆனால் ஒரு கரண்டியில் வரும் அளவு கீரை ஒரு பிடி தருவதற்கு அருகில்கூட வராது. மணத்துக்காகவும் ஊர் நினைவுக்காகவும் கருப்பட்டி போடுவதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. மருந்தென்று எண்ணிக் கூட ஒரு துண்டு போடுவதுதான் கணக்கைக் கெடுக்கிறது. டபரா காப்பி ஒன்றுக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு மூன்று காப்பி என்றால், எந்த இனிப்பாக இருந்தாலும் 30 கிராம் வரம்பு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இந்தக் கணக்குப் பிழையின் மறுபக்கம் பழத்தைப் பற்றிய அச்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் நடத்திய இண்டியாப் ஆய்வு (2023) நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்னிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. நோய் தெரிந்த நாளிலேயே பல வீடுகளில் வாழைப்பழமும் மாம்பழமும் விலக்கப்படுகின்றன; சோறு தட்டில் குறைவதில்லை. உணவு ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தை அளக்கும் கிளைசீமிக் குறியீட்டு அட்டவணைகள் மாம்பழத்துக்கும் வாழைக்கும் 51 அளவிலும், வெள்ளை அரிசிச் சோற்றுக்கு 73 அளவிலும் சராசரி தருகின்றன. பழத்தின் எண் தாழ்ந்திருக்க ஃபிரக்டோஸும் ஒரு காரணம். ரத்தக் குளுக்கோஸை அது நேரடியாக அதிகம் உயர்த்துவதில்லை. அதனால் நீரிழிவாளர் அல்போன்சாவை வரம்பின்றி உண்ணலாம் என்று பொருளில்லை. சாப்பாட்டின் மேல் இனிப்பாகச் சேர்க்காமல், சோற்றின் அளவைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு கீற்றோ சிறு பழமோ கொள்ளலாம் என்பதே பொருள். பூரிக்குத் தொட்டுக்கொள்ளச் சீனி கலந்து வைக்கும் மாம்பழக் கூழான ஆம்ரஸ் கிண்ணம் இந்தச் சலுகைக்குள் வராது. பழுத்த அளவும் கவனிக்கத் தக்கது: வாழை பழுக்கப் பழுக்க அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, கறுத்த தோல் வாழையைவிடச் சற்றே பச்சை ஓரமுள்ள பழம் ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும்.

வழிகாட்டிகள் அதிகம் பேசாத இடம் விலை. சில்லறையில் ஒரு கிலோ சீனி 50 ரூபாயை ஒட்டியே நிற்கிறது; அதில் ஏறத்தாழ 4000 கலோரி. அதே பணத்துக்குக் கிடைக்கும் ஆப்பிள் ஒரு குழந்தைக்கு ஒருநாள் பங்குக்குக் காணும். வாஷி மொத்தச் சந்தையிலிருந்து பழம் வடாலாவுக்கு வந்து சேர்வதில் தொலைவு தடையில்லை, வாங்கும் கைதான் தடை. வாழையும் பருவத்துக் கொய்யாவும் பப்பாளியும் மட்டுமே தாராவிக் கூலிக் குடும்பத்துக்கு எட்டும் பழங்கள். ஊட்டச்சத்துக் கணக்கில் இவை எந்த இறக்குமதிப் பழத்துக்கும் இளைத்தவை அல்ல என்பது ஆறுதல். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதம் தன் பள்ளிகளில் சர்க்கரை பற்றிய தகவல் சொல்லும் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்ன சுற்றறிக்கையில், 4 முதல் 10 வயதுக் குழந்தைகளின் ஆற்றலில் 13 விழுக்காடு சர்க்கரையிலிருந்து வருவதாகக் குறிப்பிட்டது. பள்ளி வாயிலில் பத்து ரூபாய்க்குக் கிடைப்பது எது என்று பார்த்தால் இந்த எண் வியப்பளிக்காது.

பொட்டலச் சட்டம் இந்த எல்லைக்கோட்டை இன்னும் முழுதாக எட்டவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஒழுங்குமுறை மொத்தச் சர்க்கரையையும் சேர்த்த சர்க்கரையையும் தனித்தனியே அச்சிட வைத்தது. கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் இனிப்பு சேர்த்த சாற்றை "இனிப்பூட்டிய சாறு" என்று குறிப்பிட வேண்டும். நீர் கலந்து மீட்டுருவாக்கிய சாறுகளின் மேல் "100 விழுக்காடு பழச்சாறு" என்று எழுதுவதை நீக்கும்படி 2024 ஜூனில் ஆணையம் உத்தரவிட்டது. இவையெல்லாம் முன்னேற்றம்தான். ஆனாலும் சீனி சேர்க்காத சாற்றுப் பெட்டி ஒன்றில், உலகச் சுகாதார நிறுவனம் கட்டற்றதென்று கருதும் சர்க்கரை முழுவதும் "சேர்த்த சர்க்கரை: 0" என்ற வரிக்கு வெளியே நின்றுவிட முடிகிறது. மாட்டுங்காக் கடையில் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பவருக்கு வேண்டிய எண் அதற்கு மேலுள்ள மொத்தச் சர்க்கரை வரியில் இருக்கிறது; அதுவும் 100 மில்லிக்குத் தந்த எண் என்பதால், பெட்டியின் அளவைக் கொண்டு பெருக்கிக்கொள்ள வேண்டும்.