கால்வாய்க்குள் வந்த பேய்க்கணவாய்

1899-இலும் அதற்கடுத்த ஆண்டும் இங்கிலாந்தின் தென்கரையில் நண்டுக்கூடு போட்டவர்கள் கூட்டைத் தூக்கியபோது பல நாள் வெறும் ஓடுகளையே கண்டார்கள். பேய்க்கணவாய் எனப்படும் ஆக்டோபஸ் உள்ளே புகுந்து நண்டையும் சிங்கி இறாலையும் தின்று தீர்த்திருந்தது. பிளிமத் ஆய்வகத்தைச் சேர்ந்த வால்டர் கார்ஸ்டாங் 1900-இல் இதை ஆராய்ந்து, வெதுவெதுப்பான ஆண்டுகளோடு தொடர்புபடுத்தினார். 1950 வாக்கில் அதேபோன்ற கூட்டம் திரும்பியது, 2025-இல் மறுபடியும். இவை தற்செயலாக நேர்ந்த படையெடுப்புகள் அல்ல என்பதே என் வாதம். ஆங்கிலக் கால்வாய் இந்த உயிரினத்தின் வடக்கு எல்லை. அங்கே அதன் தலைவிதியைக் குளிர்காலமே எழுதுகிறது. அதன் ஆயுள் ஓரிரு ஆண்டுதான். தாய் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டையிட்டு, இரை தேடாமல் காவலிருந்து, குஞ்சு பொரிந்ததும் சாகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து போகின்றன. ஆகவே ஒரு மிதமான குளிர்காலம் கரையை நிறைக்கும். ஒரு கடுங்குளிர் துடைத்துவிடும். 1962-63-இன் உறைகுளிருக்குப் பின் பல பத்தாண்டுகள் அங்கே அது அரிதாகவே தென்பட்டது.

1899-லேயே இது வந்திருக்க, 2025-இன் பெருக்கத்துக்கு மட்டும் இன்றைய புவி வெப்பமயமாதலை ஏன் காரணம் காட்ட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஒரு பெருக்கத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் பழைய வரலாறு அந்த ஐயத்துக்குத் துணை நிற்கவில்லை. வெப்பம் கூடினால் இந்த உயிர் என்ன செய்யும் என்பதை அது முன்பே காட்டிவிட்டது. அன்று அரிதாக வாய்த்த மிதமான பருவங்கள் தேவைப்பட்டன. இன்று கடலின் சராசரி வெப்பமே உயர்ந்துவிட்டது. 2025 வசந்தம் பிரிட்டனில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. மே மாதத்தில் கடலிலும் வெப்ப அலை அடித்தது. பெரிய மீன்களை அளவுமீறிப் பிடித்ததால் எதிரி குறைந்து ஆக்டோபஸ் பெருகியது என்பது இன்னொரு விளக்கம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் தொடரும் மீன்பிடி, இடையிடையே திடீரெனப் பெருகுவதையும் ஒரே குளிர்காலத்தோடு மறைவதையும் விளக்காது.

அதே தென்கரையிலுள்ள பிரிக்ஸம் மீன் சந்தையில் ஆக்டோபஸ் நல்ல விலைக்குப் போவதைக் காட்டி, மீனவர்க்கு லாபம்தானே என்பவர்களும் உண்டு. வலைப்படகுக்கு அது உண்மை. கூடு வைத்துப் பிழைப்பவருக்கு அப்படியல்ல. ஆக்டோபஸ் ஓராண்டில் வளர்ந்துவிடுகிறது. தின்னப்பட்ட சிங்கி இறாலின் இடத்தில் இன்னொன்று பிடிக்கத் தகுந்த அளவை எட்ட ஐந்து ஆண்டுகளாவது ஆகும். ஆக்டோபஸ் போன பிறகும் அவர் கூடு காலியாகவே வரும். அவருக்கு இழப்பீடு தருவதானால் அந்த ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.