பழைய வீரர்கள், புதிய பேய்கள்

நோயுற்ற தலைவன் ஒருவன் போர்வைக்குள் சாய்ந்து கிடக்கிறான். காவல் காக்க வேண்டிய நான்கு வீரர்களில் இருவர் 'கோ' பலகையின் முன்னமர்ந்து ஆட்டத்தில் ஆழ்ந்திருக்கின்றனர். பின்னே பெருஞ்சிலந்தி ஒன்று வலை விரிக்க, இருளுக்குள் விசித்திரப் பேய்கள் அணிதிரள்கின்றன. உதாகவா குனியோஷி வரைந்து 1843இல் வெளியான, மூன்று தாள்கள் இணைந்த மரக்கட்டை அச்சோவியம் இது.

மாவீரன் மினமோதோ யோரிமிட்சு மண்சிலந்திப் பூதத்தை வென்ற கதை ஜப்பானியருக்கு நெடுநாள் பழக்கமானது. பிறகு எதற்காக எடோ நகரத்தார் இப்படத்தை அத்தனை ஆவலுடன் துருவிப் பார்த்தனர்? விடை காண நாம் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தொகுகவா ஆட்சியில், அச்சோவியங்கள் தணிக்கை முத்திரை பெற்றே கடைக்கு வந்தாக வேண்டும். 1804இல் ஹிதெயோஷியை வரைந்ததற்காக உதமாரோ தண்டிக்கப்பட்டார். 1573க்குப் பிந்தைய வீரர்களைப் பெயர் சுட்டி வரைவதும் அவ்வாண்டே தடைசெய்யப்பட்டது. அண்மை வரலாற்றின் கதவு அடைபடவே, ஓவியர்கள் தொன்மங்களை நாடினர். 1827 அளவில் தொடங்கி, குனியோஷிக்குப் புகழ் தேடித் தந்த ஓவியத் தொடரின் நாயகர்கள் சீனப் புதினமொன்றில் வரும் கலகக்காரர்களே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

1842இல், தலைமை அமைச்சர் மிசுனோ தடகுனியின் சீர்திருத்தங்கள் நடிகர், கணிகையர் படங்களையும் விலக்கின. சிக்கனம், ஒழுக்கம் என்ற பெயரால் பலர் பிழைப்பிழந்தனர். மறு ஆண்டு வெளியான சிலந்திப் படத்தில் மக்கள் தம் காலத்தையே கண்டனர். படுத்திருப்பவர் ஷோகன் இயெயோஷி. வீரர்களில் ஒருவரின் ஆடையில் மிசுனோ குடும்பச் சின்னம். பேய்களோ, ஆணைகளால் வதைபட்ட குடிகள். வதந்தி பரவியதும் பதிப்பாளர் தாள்களைத் திரும்பப் பெற்று அச்சுக்கட்டைகளை அழித்தார். ஓவியர் தப்பினார், பழங்கதையே அவருக்குக் கவசமாயிற்று.

இன்று அருங்காட்சியகங்களில் இவ்வீரர்களின் முறுக்கேறிய தசைகளையும் வாள்வீச்சையும் கண்டு வியக்கும் நாம், இவற்றை வெறும் வீரப் புகழ்ச்சியாகக் கொண்டுவிடுகிறோம். பேசத் தடையிருந்த காலத்தில், சொல்லாமல் விட்டதைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்ளும் ஒரு மொழியாகவும் இவை இருந்தன என்பதே நமது எண்ணம். தணிக்கை, தான் அறியாமலே, அம்மொழியை வளர்த்தது.

அதே 1843இல் மிசுனோ பதவியிழந்தார். எடோ மக்கள் திரண்டு சென்று அவரது மாளிகையின் மீது கல்லெறிந்தனர். அப்போது அவர்களுக்குப் பேய் வேடம் தேவைப்படவில்லை.