வாதுமை மர இலை சிவந்து கொட்டுதா? வெட்டும் முன் இதைப் படிங்க!

வீட்டு வாசலில் நிற்கும் நாட்டு வாதுமை மரம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறம் மாறி இலைகளைக் கொட்டினால், "மரம் பட்டுப்போச்சு" என்று சிலர் ஆளைக் கூப்பிட்டு வெட்டிவிடுகிறார்கள். அது நோய் இல்லை.

வறண்ட மாதங்களில் தண்ணீரை மிச்சப்படுத்தவே மரம் இலையை உதிர்க்கிறது. அதற்கு முன் பச்சையம் சிதைந்துவிடுவதால் ஆந்தோசயனின் போன்ற நிறமிகள் பளிச்செனத் தெரிகின்றன. குளிர்நாடுகளில் மேப்பிள் சிவப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆண்டுக்கு 2 முறைகூட உதிரலாம், பிறகு துளிர்க்கும். சந்தேகமா? சிறு கிளையை நகத்தால் கீறிப் பாருங்க. உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கு.

அந்தமான் உள்ளிட்ட வெப்பமண்டலக் கடலோரங்களில் இயற்கையாகவே வளரும் மரம் இது. காய் கடலில் மிதந்தே பரவும். உப்புக்காற்று, மணல் நிலம் எதுவும் இதற்குப் பிரச்சினை இல்லை. கடலோர வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான நிழல் மரம் கிடைப்பது கஷ்டம்.

பழுத்து விழுந்த காயை அப்படியே விதைக்கலாம். நல்ல வெயில் படும் இடம் வேண்டும். முதல் சில கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றணும். கிளைகள் குடை மாதிரி அடுக்கடுக்காக அகலமாக விரியும் என்பதால் சுவர், செப்டிக் டேங்க் பக்கத்தில் வேண்டாம். உச்சியை வெட்டினால் அந்த அடுக்கே போயிடும்.

உண்மையான தொல்லை குப்பைதான். பெரிய இலைகள் மழைநீர்க் குழாயை அடைக்கும். பெருக்கி எரிக்காமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் போடலாம், ஈரம் காயாது.

கடையில் வாங்கும் பாதாம் வேறு மரத்துடையது. ஆனா இந்தக் கொட்டையை உடைத்தாலும் உள்ளே சின்னப் பருப்பு இருக்கும், சாப்பிடலாம்.