சூரிய விழித்திரைப் பாதிப்பு

சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்ப்பதால் விழித்திரையின் நடுப்பகுதி சிதைவது சூரிய விழித்திரைப் பாதிப்பு எனப்படும். பெரும்பாலும் கிரகணத்தை ஒட்டியே இது நேர்கிறது. விழித்திரை சூட்டில் கருகிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒளி தூண்டிவிடும் வேதிவினைகளே முதற்காரணம்.

இந்த வேதிவினைகளில் கால்சியத்துக்கும் பங்குண்டு. பழனி மலையில் 2,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், கால்சியம் அயனிக்குரிய 393.4 நானோமீட்டர் ஊதா ஒளியில் அங்கே சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். அவர்கள் சூரியனில் கண்ட கால்சியம், பார்க்கும் கண்ணுக்குள்ளும் வேலை செய்கிறது.

ஒளியுணர் செல்லுக்குள் இருக்கும் கால்சியம், வெளியே இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. இருட்டில் சவ்வின் வழிகள் திறந்திருக்கும். கால்சியம் கசிந்து உள்ளே வந்துகொண்டிருக்கும். ஒளி பட்டதும் வழி மூடும், கால்சியம் இறங்கும். அந்த இறக்கமே செல்லை அடுத்த ஒளிக்குத் தயார்ப்படுத்தும் சமிக்ஞை.

இதே செல்கள் ஆக்சிஜனை ஏராளமாகச் செலவழிப்பவை; எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பும் அவற்றின் சவ்வில் மிகுதி. கடும் நீல ஒளி விழும்போது வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. குளுடாதயோன், வைட்டமின் சி, ஈ, லூட்டின் ஆகியவை ஓரளவே தாங்கும். அதற்குமேல் போனால் சவ்வு பழுதாகிறது; சேமிப்பறைகளிலிருந்து கால்சியம் வெளியேறி மைட்டோகாண்ட்ரியாவில் குவிகிறது. குவிந்த கால்சியம் மேலும் ஆக்சிஜன் நச்சை உண்டாக்க, இறுதியில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. விலங்குகளிலும் வளர்ப்புச் செல்களிலும் நடந்த ஆய்வுகள் காட்டும் சுழல் இது.

விழித்திரைக்கு வலி தெரியாது. அதுதான் பேராபத்து. சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் கரும்புள்ளி தோன்றும், நேர்க்கோடு வளைந்து தெரியும். பலருக்குச் சில மாதங்களில் தேறிவிடும்; சிலருக்குக் குறை நிலைத்துவிடும். நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை.

உயரம் ஏற ஏறப் புறஊதாக் கதிர் கூடும். அதில் பெரும்பகுதியைப் பெரியவர்களின் கண்வில்லை தடுத்துவிடும். குழந்தைகளின் வில்லை அந்த அளவு தடுக்காது. கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் மூடுபனி விலகும்போது வெள்ளித் தட்டுப்போல் மங்கித் தெரியும் சூரியனை நம்பிப் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம், கரிபிடித்த கண்ணாடி, கூலிங்கிளாஸ், சூரியனின் பிம்பத்தைப் பார்க்கக் கிராமங்களில் வைக்கும் சாணித்தண்ணீர் எதுவும் பாதுகாப்பானதல்ல. சர்வதேசத் தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி அணியலாம். அட்டைத் துளை வழியே வரும் பிம்பத்தைத் தாளில் விழச்செய்தும் பார்க்கலாம்.

2019 டிசம்பர் 26இல் திண்டுக்கல் வட்டாரத்தில் தெரிந்த வளையக் கிரகணம், 2031 மே 21இல் தென் தமிழகத்துக்கு மறுபடி வருகிறது. பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.