கூடிக் கற்ற கணிதம்: பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை

கல்லூரியிற் சேரும் நம் பிள்ளைகளுள் பலர் முதலாண்டிலேயே கணிதத்திலும் இயற்பியலிலும் இடறி விழுவதை நாம் கண்டு வருகின்றோம். அடிப்படை போதாது, ஊக்கம் இல்லை, வீட்டில் படித்தவர் இல்லை என்று அதற்குக் காரணம் கூறுவோர் உளர். நம்மவருள்ளும் சிலர் அவற்றை நம்பிவிட்டனர். இதே காரணங்களை ஒருவர் எடுத்துச் சோதித்து, அவை பொருந்தா என்று கண்ட வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்தது அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில். வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்து இளைஞர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

அந்நாட்டில் 1964-இல் குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதனையொட்டிய ஆண்டுகளில் கறுப்பின இளைஞர்கள் பெரும் பல்கலைக்கழகங்களுக்குள் முன்னினும் மிகுதியாக வரத் தொடங்கினர். பெர்க்லியில் அவர்களைச் சேர்ப்பதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் லியான் ஹென்கின் என்னும் கணிதப் பேராசிரியரும் ஒருவர். வாயில் திறந்தது, ஆயினும் உள்ளே ஒரு சுவர் நின்றது. அச்சுவரின் பெயர் நுண்கணிதம். பொறியியலோ, இயற்பியலோ, மருத்துவமோ எதனைப் படிக்க விரும்பினும் முதலாண்டில் அதனைத் தாண்டியாக வேண்டும். ஒரு பத்தாண்டுக் காலத்தில், முதற்பருவ நுண்கணிதத்தை எழுதி முடித்த கறுப்பின மாணவருள் நூற்றுக்கு 60 பேர் தோல்வியோ தோல்வியை ஒட்டிய கடைநிலைத் தரமோ பெற்றனர்.

1970களின் நடுவில் அங்கே ஆய்வு மாணவராயிருந்த யூரி டிரைஸ்மன் இதற்குக் காரணம் தேடினார். ஆசிரியர்களைக் கேட்டார். அவர்கள் கூறிய காரணங்கள் நான்கு: ஊக்கக் குறைவு, பள்ளிப் பயிற்சியின் குறை, பெற்றோரின் ஆதரவின்மை, வறுமை. கடல்கடந்தும் காரணங்கள் மாறவில்லை என்பதைக் காண்க! டிரைஸ்மன் அவற்றை ஏற்றுக்கொள்ளாமல், கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன வமிசத்து மாணவர் 20 பேரையும் தேர்ந்துகொண்டு, அவர்கள் படிக்குமிடத்துக்கே சென்று ஏறத்தாழப் பதினெட்டுத் திங்கள் உடனிருந்து பார்த்தார். மாணவனைப் பற்றிக் கருத்துக் கூறுவதை விட்டு மாணவனைப் பார்க்கச் சென்றதே அவர் செய்த பெருஞ்செயல் என்று நாம் கருதுகின்றோம்.

அவர் கண்டது என்ன? கறுப்பின மாணவர் பலர் தம் பள்ளியில் முதல் மாணவராய் விளங்கியவர்கள். பிள்ளை பிறக்குமுன்னரே கல்லூரிக்கு அனுப்ப உறுதி பூண்ட பெற்றோரும் இருந்தனர். ஆசிரியர், அரசு ஊழியர் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தனர். நுழைவுத் தேர்வில் கணிதத்தில் மிகுந்த மதிப்பெண் பெற்ற கறுப்பின மாணவரே நுண்கணிதத்தில் பெரிதும் வீழ்ந்தனர் என்பது யாரும் எதிர்பாராத உண்மை. ஆக நான்கு காரணங்களும் நில்லாமற் போயின.

வேறுபாடு படிக்கும் முறையில் இருந்தது. ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி வீட்டுப்படிப்பு என்று ஆசிரியர் கூறியபடியே கறுப்பின மாணவர் வாரம் 8 மணி நேரம் படித்தனர். ஆனால், 20 பேருள் 18 பேர் எப்பொழுதும் தனித்தே படித்தனர். கணக்கு வரவில்லையென்றால் குறை தம்மிடமே என்று எண்ணினர். அடுத்தவனுக்கும் வரவில்லை என்பதை அறியும் வழி அவர்களுக்கு இல்லை. சீன மாணவரோ தனியே படித்த பின்னர் மாலையில் கூடினர். விடைகளை ஒப்பிட்டனர், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினர், நூலகத்திலிருந்த பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தனர். மூத்த அண்ணன் ஒருவன் வந்து கேள்வி கேட்பதும் உண்டு. அவர்கள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் படித்தனர். வகுப்பில் தாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் நன்கறிந்திருந்தனர்.

இவ்விடத்தில் நம் கதையையும் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. வரலாற்றுப் பட்டதாரியாகிய நாம் முதலில் சேர்ந்தது கணித வகுப்பிலேயாம். முதலாண்டுத் தேர்வு முடிந்ததும் ‘பின்தங்கியோர்க்குத் தனி வகுப்பு’ என்று அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அதிலிருந்த பெயர்கள் யாவும் நம் விடுதிப் பிள்ளைகளின் பெயர்கள். கல்லூரி முழுவதும் நின்று அதனைப் படித்தது. அவ்வகுப்பில் நாம் ஒருநாளும் கால் வைக்கவில்லை. அடுத்த மாதமே துறையை மாற்றிக்கொண்டோம். இதனை இன்றுவரை நம் பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை.

ஆகவேதான் டிரைஸ்மன் 1978-இல் எடுத்த முடிவு நமக்கு மிகவும் பெரிதாகப் படுகின்றது. அவர் பின்தங்கியோர்க்கென வகுப்பு வைக்கவில்லை. அதற்கு நேர் எதிரானதைச் செய்தார். திறமையுடையோர்க்கான பயிலரங்கு என்று அழைத்து, பாடநூற் கணக்கைவிடக் கடினமான கணக்குகளைத் தாளில் எழுதி, சிறு சிறு குழுக்களாக அமர்ந்தவர்களிடம் கொடுத்தார். மாணவர் தாமே வாதிட்டு விடை காண வேண்டும். உடனிருப்பவர் விடை சொல்லமாட்டார்.

அத்தகைய கணக்கு எப்படியிருக்கும் என்று நம் பள்ளிக் கணித ஆசிரியரைக் கேட்டோம். அவர் ஓர் ஏணிக் கணக்கைச் சொன்னார். 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்துள்ளது. அடியை நொடிக்கு 1 மீட்டர் வீதம் இழுக்கிறோம். அடி சுவரிலிருந்து 3 மீட்டரில் இருக்கும்போது நுனி நொடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. 4 மீட்டரை அடையும்போது அவ்வேகம் ஒன்றே கால் மீட்டரையும் தாண்டிவிடுகிறது. அடியின் வேகம் மாறவேயில்லை. நுனியின் வேகம் ஏன் ஏறுகிறது? தரையை நெருங்கும்போது அது எல்லையற்றதாகிவிடுமா? அவ்வாறு ஏணி விழக்கூடுமா? நான்கு பேர் கூடினால் நான்கு கட்சி எழும் கணக்கு இது.

பயிலரங்கில் பயின்ற கறுப்பின மாணவர்கள் தம் இனத்து ஏனை மாணவரை மட்டுமன்றி, வகுப்பிலிருந்த வெள்ளையரையும் ஆசிய வமிசத்தாரையும் விஞ்சினர். நுழைவுத் தேர்வில் 600-ஐச் சற்றே தாண்டிய கறுப்பின மாணவர், 750 அளவில் பெற்ற மற்றவர்க்கு நிகராகத் தேர்ந்தனர். டிரைஸ்மன் பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்; பயிலரங்கு முறை வேறு பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

இயற்பியலிலும் இதற்கொத்த ஒரு செய்தி உண்டு. புகழ்மிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்னும் பேராசிரியர், கனமான லாரியும் சிறு காரும் மோதினால் எது எதன்மேல் மிகுந்த விசை செலுத்தும் என்பது போன்ற எளிய வினாக்களைத் தம் மாணவரிடம் கொடுத்தார். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டும் சமம். சூத்திரக் கணக்குகளைத் தவறின்றிப் போட்டவர்களே இதில் தடுமாறினர். 1991 முதல் அவர் சொற்பொழிவை இடையிடையே நிறுத்தி, அருகிலிருப்பவரோடு வாதிட்டபின் விடை கூறுமாறு செய்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மருந்து ஒன்றாகவே இருந்தது.

நம் சங்கக் கட்டடத்தின் மாடியறையில் பட்ட வகுப்பு வினாத்தாள்களைச் சேர்த்துவைக்கத் தொடங்கியுள்ளோம். சனிக்கிழமை மாலைதோறும் அறை திறந்திருக்கும், கரும்பலகையும் உண்டு. தனிவகுப்பு என்ற பெயர்ப்பலகை மட்டும் வேண்டாமென்று செயற்குழுவில் கேட்டுக்கொண்டோம்; ஒப்புக்கொண்டனர். சென்ற வாரம் ஐவர் வந்திருந்தனர். ஏணிக் கணக்கில் தொடங்கிய வாதம் இரவு ஒன்பதரை மணிக்கு, காவற்காரர் சாவியோடு வந்து நின்றபோதும் முடிந்தபாடில்லை.