தமனிக்குள் சென்ற கண்

எக்ஸ் கதிர்ப் படத்தில் இதயத் தமனி தெரிவதில்லை; அதனுள் செலுத்திய சாயத்தின் நிழல்தான் தெரிகிறது. 1977இல் சூரிச் நகரில் ஆந்திரயாஸ் குருன்சிக் அடைபட்ட இதயத் தமனியைப் பலூனால் விரித்தபோதும், 1986இல் பிரான்சின் தூலூஸ் நகரில் மனிதரின் இதயத் தமனியில் முதன்முதலாக ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழல் பொருத்தப்பட்டபோதும் மருத்துவர்கள் நம்பியது இந்த நிழலைத்தான். ஆனால் பொருத்திய ஸ்டென்டில் சிலருக்குக் குருதி உறைந்து தமனி திடீரென அடைபட்டது. அதைத் தடுக்கக் கடுமையான மருந்து கொடுத்தாலோ, வேறிடத்தில் குருதி கசிந்தது.

வழி காட்டியது கேளா ஒலி. ராட்டர்டாம் நகரின் நிக்கோலாஸ் போம், 1970களின் தொடக்கத்திலேயே இதயத்துள் செலுத்தும் குழாயின் நுனியில் 32 ஒலியுணரிகளை வளையமாகப் பொருத்தியிருந்தார். பின்னர் வந்த மெல்லிய குழாய்கள் தமனியின் குறுக்குவெட்டையே காட்டின. மிலான் நகரில் அந்தோனியோ கொலம்போ குழுவினர் இவ்வாறு பார்த்தபோது, நிழற்படத்தில் செம்மையாகத் தோன்றிய ஸ்டென்ட்கள் பல முழுமையாக விரியாதிருந்தன! பலூனின் அழுத்தத்தைக் கூட்டி நன்கு விரித்துவிட்டால் அந்தக் கடுமையான மருந்தே வேண்டியதில்லை என்று 1995இல் அறிவித்தனர்.

எனினும், சில மில்லிமீட்டரே அகலமுள்ள வழியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாயை நுழைத்தால் தமனி சும்மா இருக்குமா? அதே ஆண்டு வெளியான, 2207 சோதனைகளைத் திரட்டிய ஆய்வில், சுமார் 3 விழுக்காட்டினருக்குத் தமனி சற்று நேரம் இசிவுற்றுச் சுருங்கியது. வேறு தீங்குகளுள் கருவியால்தான் நேர்ந்தவை என உறுதியாகச் சொல்லத் தக்கவை 0.4 விழுக்காடு.

அடுத்து வந்தது ஒளி. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபியூஜிமோட்டோ குழுவினர் வெளியிட்ட ஓ.சி.டி. என்னும் இம்முறை, மைக்கல்சன் குறுக்கீட்டுமானியைப் படித்த மாணவர்களுக்குப் பழைய நண்பன்தான். கேளா ஒலியைவிட ஏறத்தாழ பத்து மடங்கு நுணுக்கம்! ஆனால் குருதிச் சிவப்பணுக்கள் ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே தொடக்கக் காலக் கருவிகளில், படம் எடுத்து முடியும்வரை பலூனால் குருதியோட்டத்தையே நிறுத்தினார்கள். நோயாளிக்கு மார்வலி வந்தது. சில வேளை இதயத் துடிப்பும் தடுமாறியது.

இவ்வளவு நேரம் பிடித்ததேன்? ஆழத்தை அளக்கக் கருவியிலுள்ள ஆடி முன்னும் பின்னும் நகர வேண்டியிருந்தது. குழாயை வினாடிக்கு 1 முதல் 3 மி.மீ. வரைதான் இழுக்க முடிந்தது. ஆடியை அசையாமல் நிறுத்திவிட்டு, லேசரின் அலைநீளத்தை விரைவாக மாற்றி, கிடைத்த குறிப்பலையை ஃபூரியர் கணிதத்தால் பிரித்தபோது வேகம் வினாடிக்கு 20 மி.மீ. ஆயிற்று. 5 செ.மீ. நீளத்துக்கு இரண்டரை வினாடி! பலூன் தேவையற்றுப் போனது. அந்த நொடிகளில் சாயத்தைப் பாய்ச்சிக் குருதியை விலக்கினால் போதும்.

அந்தச் சாயமோ நலிந்த சிறுநீரகத்துக்குச் சுமை. பாய்ச்சும் ஊசிக்குழலில் காற்றுக் குமிழி தங்கியிருந்தால் அதுவும் தமனிக்குள் போய்விடும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மருத்துவர் பலர் இன்றும் கேளா ஒலியையே நாடுகின்றனர்.